மூன்று பேர் கட்டமும் என் இடது கையும்

போன ஞாயிறு மில்பிடாஸ் மைதானத்து ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நமக்கெல்லாம் ஒரே மனக்குறை. பேரப்பிள்ளைகளுக்கு அயர்லாந்துக்காரர்களின் கேலிக் ஃபுட்பால் ஆட்டத்தைச் சொல்லித்தருகிறவர், முப்பது பிள்ளைகளையும் மைதானம் முழுக்க ஓடவிடாமல், சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து மூன்றுக்கு மூன்று, நாலுக்கு நாலு என்று விளையாட விட்டிருந்தார். "இவ்ளோ பெரிய கிரவுண்டை வெச்சுக்கிட்டு எதுக்கு மூலைக்கு மூலை பாண்டி ஆடுறாங்க?" என்று ஒரு அங்கிள் கேட்டார். "ஃபுல் மேட்ச் ஆடினாத்தானே ஸ்டாமினா வரும்" என்று இன்னொருவர் தீர்ப்பு சொன்னார். இருவருமே வாழ்க்கையில் பந்தைத் தொட்டதில்லை என்பது அவர்கள் நாற்காலியை விரித்த விதத்திலேயே தெரிந்தது.

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கவுண்டி அலுவலகத்தின் கட்டட அனுமதிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவள் நான். ஆட்சேபணை எதுவானாலும் எழுத்தில் பதில் சொல்லித்தான் பழக்கம். சொல்கிறேன்.

எனக்குப் பதினொரு வயது. நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டாவது வருடம். அப்பா திருச்சியில் ஏழு வருடம் டாக்டராக இருந்துவிட்டு, இங்கே வந்து மறுபடியும் பயிற்சி டாக்டர் ஆனவர். தன்னைவிடச் சின்னப் பையன்களிடம் "யெஸ் சார்" சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா புடவைமேல் ஆண்கள் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போவார். எங்கள் தெருவில் பாதிக்குமேல் அயர்லாந்துக் குடும்பங்கள். நாங்கள் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம்.

பள்ளிக்கூட மைதானத்தில் எனக்கு நல்ல வேலை ஒன்று இருந்தது. இரண்டு கட்சி பிரிப்பார்கள். கடைசியில் மிஞ்சுகிறவளாக நான் இருப்பேன். பிறகு ஒரு ஓரத்தில் நின்று, வராத பந்துக்காகக் காத்திருப்பேன். யாரும் என்னை வெறுத்ததாகச் சொல்ல முடியாது. பதினைந்து பேர் இருக்கும்போது பதினைந்தாவது ஆள் யாருக்கும் தேவைப்படுவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் டவுன் பஸ் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அயர்லாந்தில் பிறந்தவர். காது இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். கோடை வரப்போகும் சமயம் தெருப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் அவர்கள் ஊர் ஃபுட்பாலைப் பழக்குவார். ஒருநாள் வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "சீஃப், எனக்கு ஒரு ஆள் குறையுது. வர்றியா?" என்று கேட்டார். அவருக்கு எல்லாப் பிள்ளைகளும் சீஃப்தான். என்னிடம் யாரும் ஆள் குறைகிறது என்று சொன்னதில்லை. செருப்பை மாற்றக்கூட உள்ளே போகாமல் பின்னால் நடந்தேன்.

கட்டம் கட்ட அவரிடம் இன்றைக்கு இருப்பது போல ஆரஞ்சு நிறக் கூம்பெல்லாம் கிடையாது. பஸ்ஸில் மக்கள் விட்டுப்போன சாமான்களை ஒரு சாக்குப் பையில் கொண்டுவருவார். ஒற்றைக் கையுறைகள், கம்பளிக் குல்லாய்கள், கம்பி ஒடிந்த குடைகள், ஒருமுறை ஒரு பெண்மணியின் தொப்பி, பறவை இறகோடு. நாலு மூலைக்கு நாலு சாமான் வைத்தால் ஒரு கட்டம். ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு டிப்போவில் திருப்பி வைத்துவிடுவார். கண்டெடுத்த பொருளை இப்படிப் பயன்படுத்துவது விதிமீறல் என்பது உத்தியோகத்துக்குப் போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஈரக் கம்பளியின் வாசனையும் மிதிபட்ட புல்லின் வாசனையும் சேர்ந்து வந்தால் இப்போதும் எனக்குக் கால் பரபரக்கும்.

அந்த ஆட்டத்தின் சட்டம் தெரியாதவர்களுக்காக: பந்து வாலிபால் அளவு. கையிலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். பந்தைச் சும்மா தூக்கிக்கொண்டு நாலு காலடிக்குமேல் ஓடக்கூடாது. அதற்குள் தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், அல்லது பாதத்தால் தட்டிக் கைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். கையால் அடுத்தவருக்கு அனுப்பும்போது எறியக்கூடாது. ஒரு கையில் பந்தை வைத்து, மற்றக் கையால் அடித்து அனுப்ப வேண்டும்.

அவர் எங்களை முழு மைதானத்தில் விட்டதே இல்லை. மூன்றுக்கு மூன்றுதான். என் கட்சியில் ரொட்டிக் கடைக்காரர் மகளும் ஓட்டுநரின் தங்கை மகனும். அந்தப் பெண்ணுக்குத் தலை முழுக்கச் செம்பட்டை முடி, வாய் முழுக்க அதிகாரம். அந்தப் பையன் பேசவே மாட்டான். முதல் நாள், முதல் நிமிஷம், பந்து என்னிடம் வந்தது. தவறி வந்ததல்ல, எனக்கென்றே அனுப்பப்பட்டது. மூன்று பேர்தானே? ஒருவரை இரண்டு பேர் மறித்தால் மூன்றாவது ஆளைத் தேடித்தான் ஆக வேண்டும். என்னை யாரும் விரும்ப வேண்டிய அவசியமே இல்லாமல் என்னைத் தேட வைத்த ஏற்பாடு அது. அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது ஐம்பது தடவை பந்து என் கைக்கு வந்திருக்கும். முந்தின வருடம் முழுக்க ஒரே தடவை வந்தது. அதுவும் மூக்கில்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. நாலாவது வாரம் ஓட்டுநர் புதுசாக ஒன்று சேர்த்தார். அந்தக் கட்டத்தில் உதைப்பது கிடையாது, கையால் மட்டும் அனுப்ப வேண்டும். நடுவில் அவர் "மற்றக் கை!" என்று கூவுவார். உடனே எல்லோரும் பழக்கமில்லாத கைக்கு மாறிவிட வேண்டும்.

எனக்கு அது இடது கை.

நம்மில் யாருக்கும் இதற்குமேல் விளக்க வேண்டாம். சாதம் போடும்போது, பூக் கொடுக்கும்போது, பென்சில் நீட்டும்போது, "எந்தக் கைடி அது?" என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். மூன்று வயதில் மனசுக்குள் போன விதி, பதினொரு வயதில் தசைக்குள் போய்விட்டிருந்தது. பந்து கையில் இருக்கும், ரொட்டிக் கடைக்காரர் மகள் இடப்பக்கம் நின்று கத்துவாள், இடது கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். என் கை எழும்பாது. உடம்பையே முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வலது கையால் அனுப்புவேன். அதற்குள் இரண்டு பேர் என்மேல் விழுந்திருப்பார்கள். ஏன் இப்படிச் செய்கிறேன் என்று நானே யோசித்ததில்லை. அந்த விதி எனக்கு ஒரு காரணமாகவே தெரியவில்லை. தும்மும்போது கண் மூடிக்கொள்வது போலத்தான்.

ஓட்டுநர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் விசிலை ஊதிவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் இடது தோளைத் தொட்டுக் கேட்டார். "சீஃப், இந்தக் கை வலிக்குதா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள் இருந்த காரணத்துக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. வலிக்கு இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த ஒரு தலையாட்டலுக்கு இவ்வளவு பின்விளைவு உண்டு என்று யாராவது முன்கூட்டி ஒரு நோட்டீஸ் கொடுத்திருக்கலாம். அன்று சாயங்காலமே அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க பொண்ணு இடது கையைத் தூக்க மாட்டேங்குது டாக்டர். ரொம்ப நாளா இருக்கிற மாதிரி தெரியுது" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா என்னைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தார். சின்னச் சுத்தியலால் முழங்கையில் தட்டினார். குண்டூசியால் விரல்களைத் தொட்டுத் தொட்டு, "இங்க தெரியுதா பாப்பா? இங்க?" என்றார். எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது முழங்கையைக் காட்டினேன். மறுநாள் கேட்டபோது, நேற்று எதைக் காட்டினேன் என்பது மறந்துபோய் மணிக்கட்டைக் காட்டினேன். அதற்கு மறுநாள் தோள். இப்படிப்பட்ட வாக்குமூலத்தை என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாகூட ஐந்து நிமிஷத்தில் பொய் என்று கண்டுபிடித்திருப்பார். அப்பா டாக்டர். வலி இடம் மாறுவது அவரைப் பயமுறுத்திவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது அவரை இன்னும் பயமுறுத்தியது. மருத்துவமனையின் பெரிய நரம்பு டாக்டரிடம் கெஞ்சி ஒரு நாள் வாங்கினார். தசைக்குள் ஊசி செருகிப் பார்க்கும் சோதனை. ஜூன் முதல் வாரம், வியாழக்கிழமை.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் கையைப் பற்றி எழுதிய குறிப்புச் சீட்டைப் படிக்கச் சொல்லி அப்பா அம்மாவிடம் நீட்டியபோது, தன் இடது கையில் இருந்த சீட்டை முதலில் வலது கைக்கு மாற்றிக்கொண்டுதான் நீட்டினார். நானே பார்த்தேன். மூன்று பேரும் இருந்த அந்த அறையில் மூன்று பேருக்கும் அது எதைக் காட்டுகிறது என்று உறைக்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் சத்தம் குறைந்தது. அப்பா சாப்பிடும்போதும் ஒரு தடிப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். மருத்துவமனைச் சாப்பாட்டுச் சீட்டு ஒன்று அடையாளமாகச் செருகியிருந்தது. நான் அருகே போனால் மூடிவிடுவார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

மைதானத்தில் நான் ஆடக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. இறகு வைத்த தொப்பி இருந்த மூலையில் நின்று வேடிக்கை பார்த்தேன். என் கட்சி இரண்டு பேராக மூன்று பேரோடு ஆடியது. ரொட்டிக் கடைக்காரர் மகள் மூச்சிரைக்க வந்து என் முன்னால் நின்றாள்.

"உன் கை எப்ப சரியாகும்?"

"தெரியாது."

"சீக்கிரம் தெரிஞ்சுக்கோ. எனக்கு நுரையீரல் வெளியே வந்துரும்போல இருக்கு. இவன் வேற வாயைத் திறக்க மாட்டான், எங்க நிக்கிறான்னே தெரியல."

அந்தப் பையன் என்னைப் பார்த்து, "நீ இருந்தா நல்லா இருக்கும்" என்றான். அந்தச் சீசனில் அவன் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம்.

ஒரு சனிக்கிழமை காலை, நான் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் அம்மா பேசுவது கேட்டது.

"ஊசியெல்லாம் வேண்டாங்க. இந்த ஊர்க் குளிர் எலும்புக்குள்ள போயிடுச்சு. நான் இவளைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போறேன். உறையூர்ல நல்ல எண்ணெய் வைத்தியர் இருக்கார்."

"எத்தனை நாளைக்கு?"

"சரியாகிற வரைக்கும். அங்கேயே ஸ்கூல்ல போட்டுக்கலாம். நீங்க இங்க முடிச்சுட்டு வாங்க."

அப்பா மறுத்துச் சொல்வார் என்று பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவரோ, "வியாழக்கிழமை டெஸ்ட் முடியட்டும். அதுல ஏதாவது இருந்தா, நீ சொல்றதுதான் சரி" என்றார்.

திருச்சி எனக்குப் பிடிக்காத ஊர் இல்லை. ஆனால் அப்பா இல்லாத திருச்சியை நான் பார்த்ததில்லை. இங்கே எனக்கென்று ஒரு கட்டம் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, பெரிய டாக்டரிடம் நாள் வாங்கியாகிவிட்டது, அம்மா அழுதாகிவிட்டது. ஒரு பொய்க்காக இத்தனை பேர் இத்தனை வேலை செய்தபிறகு அதைத் திரும்பப் பெறுவதற்கு என்ன நடைமுறை என்று எனக்குத் தெரியவில்லை. இன்று கேட்டால் எந்தப் படிவம் என்றுகூடச் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா என்னோடு பூங்காவுக்கு வந்தார். நான் இனி வரமாட்டேன் என்று ஓட்டுநரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வெறுங்கையோடு போகக்கூடாது என்று டிபன் பாக்ஸில் ரிப்பன் பக்கோடா. கோட்டுக்குக் கீழே புடவைக் கரை புல்லில் நனைந்துகொண்டே வந்தது.

ஓட்டுநர் தன் பிளாஸ்கிலிருந்து கோப்பையில் டீ ஊற்றினார். வலது கையில் பந்து. இடது கையால் கோப்பையை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா சிரித்தார். வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆவி பறக்கும் கோப்பை நடுவில் நிற்க, இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

"டீ குடிக்க மாட்டாங்களா?" என்று ஓட்டுநர் என்னிடம் கேட்டார்.

"குடிப்பாங்க" என்றேன்.

அவர் குழம்பிப்போய்ப் பந்தைக் கீழே போட்டுவிட்டு, கோப்பையை வலது கைக்கு மாற்றினார். அம்மா உடனே வாங்கிக்கொண்டார். ஓட்டுநர் முகத்தில் என்னவோ ஓடியது. இருபது வருடம் பஸ் படியில் நீளும் கைகளைப் பார்த்தவர் அவர். பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, இந்தத் தடவை வேண்டுமென்றே இடது கையால் நீட்டினார். அம்மாவின் கை பாதி எழும்பி, அப்படியே நின்றது.

அந்தப் பாதியில் நின்ற கையை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். என்னிடம்.

"சீஃப், இங்க வா" என்றார். "என் இந்தக் கைக்கு என்ன குறைன்னு உங்க அம்மாவைக் கேளு."

தமிழில் சொன்னேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "ஐயோ, ஒண்ணும் இல்லைன்னு சொல்லுடி. பாவம், அவருக்கு மனசு சங்கடப்படும். அவங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் இல்லையாம்" என்றேன்.

"சரி" என்றார் அவர். "அப்ப உன் இந்தக் கைக்கு?"

அம்மாவைப் பார்த்து, "அம்மா, கை வலிக்கலை" என்றேன்.

"இப்பவா?"

"எப்பவும். ஒருநாளும் வலிக்கலை. இடது கையால பந்தைக் குடுக்கச் சொன்னார். எனக்கு வரலை. வலிக்குதான்னு கேட்டார், ஆமான்னுட்டேன்."

அம்மா அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால், கோப்பையைப் பிடித்தபடி ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் டீயைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்தார்.

"இந்த ஆட்டத்துல பந்தை எப்படிக் குடுக்கணும்? செஞ்சு காட்டு."

பந்தை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்து, இடது கையை மூடி, அடிப்பதுபோல ஓங்கிக் காட்டினேன்.

"இப்படி நேரா நீட்டிக் கையில குடுத்தா?"

"கூடாது. அது ஃபவுல். அடிச்சுதான் அனுப்பணும்."

அம்மா யோசித்தார். நான் என் உத்தியோக காலத்தில் எத்தனையோ விதிவிளக்கம் படித்திருக்கிறேன், சில நானே எழுதியிருக்கிறேன். அன்று நியூ ஜெர்சிப் புல்தரையில் உட்கார்ந்து அம்மா சொன்னதைவிடச் சுத்தமான ஒன்றைப் பார்த்ததில்லை.

"அப்ப பந்தை வெச்சிருக்கிறது வலது கைதான். இடது கை அடிக்குது, அவ்ளோதானே? குடுத்தாத்தாண்டி மரியாதைக் குறைவு. அடிக்கிறதுக்கு எந்தக் கையா இருந்தா என்ன?"

அதை இங்கிலீஷில் சொன்னேன். ஓட்டுநர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "நான் இத்தனை நாளா உன் தோளையே பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு அம்மாவிடம், "நான் கவனிச்சிருக்கணும்" என்று இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார். அம்மா பக்கோடாவை நீட்டினார். ஓட்டுநர் மிகக் கவனமாக வலது கையால் எடுத்தார்.

கட்டத்துக்குள் போனேன். "மற்றக் கை!" என்று அவர் கூவினார். முதல் பந்தை இடது கையால் அடித்தேன். அது குடைமேல் போய் விழுந்தது. இரண்டாவது யாரும் இல்லாத இடத்துக்குப் போனது. மூன்றாவது ரொட்டிக் கடைக்காரர் மகளின் வயிற்றில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"சரியாயிடுச்சா?" என்றாள்.

"ஆயிடுச்சு."

"நல்லது. அப்ப ஓடு, நிக்காத."

அப்பா மருத்துவமனையிலிருந்து வந்தபோது வெயில் இன்னும் சாயவில்லை. அவர் ஷூ கழற்றும்போதே அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரு ஷூ காலிலும் ஒன்று கையிலுமாகக் கேட்டார். திட்டவில்லை. "பெரிய டாக்டர்கிட்ட என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

"பந்து ஆடினதுல சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க" என்றார் அம்மா.

'தானாகவே குணமாகிவிட்டது' என்று கோப்பில் எழுதி மூடிவிட்டார்களாம். அரசாங்கத்திலும் மருத்துவத்திலும் அந்த ஒரு வரி எவ்வளவு வேலை செய்கிறது என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

அந்தத் தடிப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. அப்பா போனபிறகு அலமாரியை ஒழித்தபோது கிடைத்தது. சாப்பாட்டுச் சீட்டு அதில் இல்லை. ஆனால் பென்சில் கோடு போட்ட பக்கம் தானாகவே திறந்துகொண்டது. சிறுபிள்ளைகளுக்குப் பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு கையில் தொடங்கி மெல்ல உடம்பு முழுக்கப் பரவும் தசைநோய் ஒன்றைப் பற்றிய பக்கம். சிகிச்சை என்ற தலைப்பின்கீழ் ஒன்றரை வரிதான் இருந்தது. அந்த ஒன்றரை வரியின் கீழ் மூன்று முறை கோடு. அந்த மனிதர் மூன்று வாரம் அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் ரசம் சாதம் சாப்பிட்டிருக்கிறார். நான் அவரைக் கோபக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரண்டாவது ஷூவையும் கழற்றி வைத்துவிட்டு, "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டார். போனேன். "இடது கையைக் குடு" என்றார்.

பழக்கத்தில் தயங்கினேன். பிறகு நீட்டினேன். தன் கைக்குள் அதை வாங்கிக்கொண்டார்.

"அழுத்து."

அழுத்தினேன்.

"இன்னும்."

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம்."

முழு பலத்தையும் சேர்த்து அழுத்தினேன். "வலிக்குது, விடு" என்றார் அப்பா.

நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை.